தேர்வுக் குழுவுக்கு ஒரு பரிவட்டம்

வானம் முழுவதையும் தம் பெயருக்குப் பட்டா எழுதிக்கொண்டவர்களும், எட்டுத் திசையிலும் கொடி பறக்கவிட்டவர்களும், தாம் எழுதிய சொல்லுக்குத் தாமே அடிமையாகாத சுதந்திர புருஷர்களுமாகிய அமெரிக்க விமானப்படையின் கொள்முதல் பிரிவுப் பெருமக்கள் திருச்சமூகத்துக்கு, அடியேன் அனந்தகோடி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 29, வெள்ளிக்கிழமையன்று, 179 டேங்கர் விமானங்களுக்கான ஒப்பந்தத்தைத் தாங்கள் நார்த்ராப் குரும்மன் நிறுவனத்துக்கு அருளினீர்கள். பெறுமானம் ஏறத்தாழ 3,500 கோடி டாலர். அந்தப் பொன்னாளை ஆண்டுதோறும் கொண்டாட எனக்குக் கொள்ளை ஆசை. என்ன செய்ய, நாள்காட்டி நான்காண்டுக்கு ஒரு முறைதான் இடம் கொடுக்கிறது. ஆண்டு நிறைவை எவரும் அடிக்கடி நினைவூட்டிவிட முடியாத தேதியாகப் பார்த்து முகூர்த்தம் குறித்த தீர்க்கதரிசனத்தைப் பாடவே தனி ஏடு வேண்டும்.

அந்தப் பாட்டை அப்போதே பாடியிருக்கலாம். ஆனால் தோற்றுப்போன போயிங் நிறுவனம் மார்ச் 11ஆம் தேதி ஆட்சேப மனுவைத் தூக்கிக்கொண்டு அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்துக்கு ஓடியது. ஜி.ஏ.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அலுவலகம், சட்டம் தந்த 100 நாள் கெடுவுக்குள் தங்கள் மதிப்பீட்டு ஏடுகளை ஒன்றுவிடாமல் புரட்டி, ஜூன் 18ஆம் தேதி மனுவை ஏற்றுத் தீர்ப்புரைத்தது. ரசனையற்ற கணக்கர் கையில் காவியம் அகப்பட்டால் எழுத்துப்பிழைதானே தேடுவார்கள்? அவர்கள் பிழையென்று அடிக்கோடிட்ட இடங்களிலெல்லாம் அடியேன் கண்டது அணிநயம். அவற்றுள் மனம் தோய்ந்த சிலவற்றைச் சொல்லாவிட்டால் எழுதுகோல் பிடித்த பாவம் என்னை விடாது.

டேங்கர் என்பது பறந்துகொண்டே பிற விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டுகிற விமானம். அது இல்லாமல் கண்டம் விட்டுக் கண்டம் போய்க் குண்டு போட முடியாது. இத்தனை இன்றியமையாத பொருளை வாங்குவதில் அவசரம் கூடாதென்று தாங்கள் காத்த பொறுமை பூமாதேவிக்கும் வாய்க்காதது. தங்களிடமிருந்த கே.சி.-135 ரக விமானம் முதன்முதல் வானேறியது 1956இல். அந்த வரிசையின் கடைசி விமானம் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது 1965இல். தாத்தா ஓட்டிய விமானத்தையே பேரனும் ஓட்டுகிற குலப்பெருமையை உலகில் வேறெந்தப் படை தன் வீரர்களுக்கு வழங்கியிருக்கிறது?

பழையதற்கு மாற்றுத் தேடப் புறப்பட்ட முதல் முயற்சியிலேயே தங்கள் மேன்மை ஒளிவீசியது. 2001 செப்டம்பர் தாக்குதலை அடுத்து, 100 போயிங் 767 விமானங்களை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுப்பது என்று திட்டம் தீட்டினீர்கள். வாங்குவதைவிட வாடகைக்குத்தான் செலவு கூடும் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் கணக்குப் போட்டுக் காட்டியது. கூடுதலாகக் கொடுத்தால்தான் பொருளுக்கு மரியாதை என்பது அந்தச் சிக்கனக்காரர்களுக்கு எங்கே தெரியப் போகிறது! செனட்டர் ஜான் மெக்கெய்ன் வேறு விடாப்பிடியாகக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவர் கடற்படையில் விமானியாக இருந்தவர். விமானப்படையின் நாகரிகம் அவருக்குப் புரியாததில் வியப்பில்லை.

அந்தப் பேரத்தைத் தங்கள் தரப்பில் முன்னின்று நடத்தியவர் டார்லீன் ட்ரூயன் அம்மையார். பேரம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, எதிர்த்தரப்பான போயிங்கில் தமக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் சம்பளத்தில் வேலை பேசி முடித்தார். 2003 ஜனவரியில் போய்ச் சேர்ந்தும் விட்டார். மகளுக்கும் மருமகனாக வரவிருந்தவருக்கும் அங்கே முன்னதாகவே வேலை கேட்டு வாங்கியிருந்தார். டேங்கருக்குக் கூடுதல் விலை கொடுக்கச் சம்மதித்தது போயிங்குக்குத் தாம் அளித்த பிரிவுப் பரிசு என்று பின்னர் நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பணி ஓய்வு பெறுகிறவருக்கு அலுவலகத்தார் சந்தன மாலையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்புவது மற்ற ஊர் வழக்கம். போகிறவரே, போய்ச் சேரப் போகும் இடத்துக்கு, ஊரார் பணத்தில் பரிசளித்துவிட்டுப் போகும் வள்ளன்மை தங்கள் அலுவலகத்தில்தான் பூத்தது. முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்று பாரியைக் கொண்டாடுகிறோம். அது அவனுடைய சொந்தத் தேர். அதில் என்ன சாமர்த்தியம்? நீதிமன்றம் அம்மையாருக்கு 9 மாதமும் போயிங்கின் நிதித் தலைவர் மைக்கேல் சியர்ஸுக்கு 4 மாதமும் சிறை விதித்தது. போயிங், வேறொரு விவகாரத்தையும் சேர்த்து, 2006இல் 61.5 கோடி டாலர் கட்டி அரசோடு சமரசம் செய்துகொண்டது. வாடகைத் திட்டம் கைவிடப்பட்டது.

2008இல் தங்களால் அநீதி இழைக்கப்பட்டதாகக் கண்ணீர் வடித்துக்கொண்டு மனுவோடு போனதும் இதே போயிங்தான். முதல் முறை அதன் பக்கம் தாழ்ந்த தராசு அடுத்த முறை எதிர்ப்பக்கம் தாழ்ந்தது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் முள் நடுவில் வந்து நிற்கும். நடுவுநிலைமைக்கு இப்படியும் ஓர் இலக்கணம் உண்டென்று உலகுக்குக் காட்டிய தங்களைச் சாய்வுள்ளவர்கள் என்று சொல்ல யாருக்கு நா எழும்?

இனி அந்த மகத்தான மதிப்பீட்டுக்கு வருகிறேன். 2007 ஜனவரியில் தாங்கள் ஒப்பந்தப்புள்ளி கோரினீர்கள். போயிங் தன் 767 விமானத்தை டேங்கராக மாற்றித் தருவதாகச் சொன்னது. நார்த்ராப் குரும்மன், ஏர்பஸ்ஸின் தாய் நிறுவனமான இ.ஏ.டி.எஸ்.ஸோடு கூட்டுச் சேர்ந்து, அதைவிடப் பெரிய ஏ330 விமானத்தை முன்வைத்தது. எதை எப்படி எடை போடுவோம், எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருவோம், எதற்குத் தரமாட்டோம் என்றெல்லாம் தாங்களே ஆவணமாக எழுதி, தாங்களே வெளியிட்டீர்கள். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஆவணத்தை எழுதியவர்களே பிறகு திறந்து பார்க்கவில்லையோ என்று எண்ணும்படி நடந்துகொள்வது எவ்வளவு பெரிய துறவு! தான் பெற்றதில் பற்று வைக்காதவனே ஞானி.

கட்டாயமல்லாத தொழில்நுட்பத் தேவைகள் என்று ஒரு நீண்ட வரிசையைக் கொடுத்து, இவற்றில் எத்தனை முடியுமோ அத்தனையையும் நிறைவேற்றிக் காட்டுங்கள் என்று ஆவணத்தில் கேட்டிருந்தீர்கள். அத்தேவைகளில் எது பெரிது, எது சிறிது என்ற வரிசைமுறையும் அதிலேயே இருந்தது. அப்பாவி போயிங் அதை எழுத்துக்கு எழுத்து நம்பி, போட்டியாளரைவிட அதிகமான தேவைகளை நிறைவேற்றுவதாக எழுதிக் கொடுத்தது. எத்தனை முடியுமோ அத்தனை என்று கேட்டவர்கள், யார் எத்தனை கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள் என எதிர்பார்த்தது அதன் பேதைமை. தாங்கள் எண்ணவில்லை. எது முக்கியம் என்று தாங்களே வகுத்த வரிசைப்படியும் எடை போடவில்லை. எண்ணிக்கை என்பது சந்தைக்கடைக்காரர்களின் தொழில். 3,500 கோடி டாலரைக் கையாளுகிறவர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பது அழகல்ல.

அடுத்த நுட்பத்தில்தான் அடியேன் சொக்கிப்போனேன். முக்கியத் திறன் அளவீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச இலக்கு வைத்திருந்தீர்கள். அந்த இலக்கைத் தாண்டினால் அதற்காகக் கூடுதல் சலுகை எதுவும் கிடையாது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியும் வைத்தீர்கள். ஆகவே பெரிய விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் லாபமில்லை என்றுதானே எவரும் முடிவு செய்வர்? பிறகு, வானில் எரிபொருள் வழங்கும் அளவீட்டில் நார்த்ராப் இலக்கை அதிகமாகத் தாண்டியிருக்கிறது என்பதையே வெற்றிக்கான தலையாய காரணங்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டீர்கள். ஒப்பந்தத்தை அறிவித்த அன்று தங்கள் தளபதி ஒருவர், வென்ற விமானத்தின் பெருமையை ‘அதிகம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினார்: எரிபொருள் அதிகம், சரக்கு அதிகம், பயணிகள் அதிகம். அதிகத்துக்கு மதிப்பில்லை என்று எழுதிய கையும், அதிகத்தைப் பாடிய வாயும் ஒரே உடம்பில் இருந்தன. கை செய்வது வாய்க்குத் தெரியாமல் வைத்திருக்கும் ஒழுக்கம் யோகிகளுக்கே கைகூடும்.

தான் எழுதிய நீதிக்குத் தானே கட்டுப்பட்டு, கன்றை இழந்த பசுவின் பொருட்டுப் பெற்ற மகன் மேலேயே தேரோட்டிய மனுநீதிச் சோழனை எங்கள் ஊரில் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்தோம். தங்கள் ஏடுகளைப் படித்த பிறகுதான் அந்த மன்னனுக்கு நிர்வாகப் பயிற்சி போதாது என்பது விளங்கியது. மகன் ஏறிய தேரைத் தேர் என்றே கருத வேண்டியதில்லை என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் சேர்த்திருந்தால் காரியம் எவ்வளவு சுமுகமாக முடிந்திருக்கும்!

இது வெறும் கற்பனை அல்ல. அப்படிப்பட்ட குறிப்பொன்றைத் தாங்கள் உண்மையாகவே எழுதினீர்கள். முழு அளவு உற்பத்தியில் முதல் விமானத்தை ஒப்படைத்த இரண்டாண்டுக்குள், பெரிய பழுதுபார்ப்பு வேலைகளை விமானப்படையே தன் பணிமனைகளில் செய்துகொள்ளும் நிலையை உண்டாக்க ஒப்பந்ததாரர் திட்டமிட்டு உதவ வேண்டும் என்பது கட்டாய நிபந்தனை. படைக்கு இதைவிட அவசியமான நிபந்தனை அரிது. இல்லையென்றால் ஆணி கழன்றாலும் விற்றவன் வாசலில் போய் நிற்க வேண்டும். நார்த்ராப் இந்த நிபந்தனைக்கு உடன்படவில்லை. உடன்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டிய பிறகும் உடன்படவில்லை. சாதாரண டெண்டர் குழு என்றால் அந்த இடத்திலேயே ஒப்பந்தப்புள்ளியைத் தள்ளுபடி செய்திருக்கும். தாங்களோ, இது ஒரு ‘நிர்வாகக் கவனக்குறைவு’ என்று தாயுள்ளத்தோடு எழுதிவிட்டு ஒப்பந்தத்தை அவர்களுக்கே கொடுத்தீர்கள். மறுப்பை மறதியாகக் காணும் கண் அன்பினால் மட்டுமே திறக்கும். எங்கள் ஊர் ஒன்றிய அலுவலகத்தில் முன்வைப்புத் தொகை டி.டி.யில் ஓர் எழுத்து மாறியதற்காகத் தகுதியிழந்த சிறு ஒப்பந்ததாரர்கள் இதைப் படித்தால், இப்படிப்பட்ட கருணாமூர்த்திகள் ஆளும் தேசத்தில் பிறக்கவில்லையே என்று ஏங்கிச் சாவார்கள்.

கருணைக்கும் அளவு உண்டு என்பதையும் மறக்கவில்லை. செயல்பாட்டுப் பயன் சார்ந்த ஓர் இலக்கைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்தபோது, அதை முழுமையாக நிறைவேற்றிவிட்டீர்கள் என்று போயிங்கிடம் சொன்னீர்கள். அது நிம்மதியாகத் தூங்கப் போயிற்று. பின்னர், இல்லை, பாதிதான் நிறைவேற்றியிருக்கிறது என்று மனத்தை மாற்றிக்கொண்டீர்கள். மாற்றியதைச் சொல்லி எழுப்பினால் தூக்கம் கெடுமே என்று சொல்லாமல் விட்டீர்கள். நார்த்ராப்போடு மட்டும் அதே இலக்கைப் பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். பேச்சுத் துணை தேவைப்பட்டவருக்குப் பேச்சு, உறக்கம் தேவைப்பட்டவருக்கு உறக்கம். இரு தரப்பையும் சமமாக நடத்தவில்லை என்று ஜி.ஏ.ஓ. எழுதியது, உபசாரத்தின் நுணுக்கம் அறியாமல்.

எரிபொருள் ஊட்டும்போது கீழிருக்கும் விமானம் நெருங்கிவிட்டால் டேங்கர் வேகமெடுத்து விலக வேண்டும். அதற்குத் தங்கள் படையிலேயே நடைமுறை விதிகள் உண்டு. வென்ற விமானம் அந்த விதிகளின்படி தங்கள் விமானங்கள் அனைத்துக்கும் எரிபொருள் ஊட்டவல்லது என்பதற்கு ஏட்டில் போதிய ஆதாரமில்லை என்றது ஜி.ஏ.ஓ. எரிபொருள் ஊட்டுமா என்று கேட்டுத்தானா டேங்கர் வாங்குவார்கள்? இதை நான் நீட்ட விரும்பவில்லை.

கணக்கு இருக்கிறதே, அதுவல்லவா தங்கள் மகுடத்தின் நடுமணி! விமானத்தை உருவாக்கி, வாங்கி, பல பத்தாண்டு ஓட்டிப் பராமரிக்க ஆகும் மொத்த வாழ்நாள் செலவைத் தாங்கள் மதிப்பிட்டீர்கள். நார்த்ராப்புக்கு 10,801 கோடி டாலர், போயிங்குக்கு 10,804.4 கோடி டாலர் என்று வந்தது. வேறுபாடு 3.4 கோடி டாலர். மொத்தத்தில் ஏறத்தாழ 0.03 விழுக்காடு. இன்னும் கட்டப்படாத விமானங்கள், இன்னும் பிறக்காத விமானிகள் ஓட்ட, இன்னும் விலை நிர்ணயமாகாத எரிபொருளில் பல பத்தாண்டு பறந்தால் ஆகும் செலவை இத்தனை துல்லியமாகச் சொன்ன சோதிடர் இதுவரை பிறந்ததில்லை. அந்த மயிரிழை அளவு வேறுபாட்டில் நார்த்ராப் மலிவானதாகி, விலையிலும் முந்தியது.

போயிங்கின் எண் எப்படி அங்கே போய் நின்றது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஒருமுறை மட்டுமே ஆகும் வடிவமைப்புப் பொறியியல் செலவுக்கு அது ஒரு தொகை சொன்னது. அந்தத் தொகை நம்ப முடியாத அளவு குறைவு என்று தாங்கள் சொல்லவில்லை. அதை எப்படிப் போட்டாய் என்று கேட்டதற்குத் திருப்திகரமாக விளக்கவில்லை என்றுதான் மனம் வருந்தினீர்கள். வருந்தி, அதற்குத் தண்டமாகத் தொகையைத் தாங்களே ஏற்றிவிட்டீர்கள். விடை சரி, ஆனால் வழி காட்டவில்லை என்று மதிப்பெண் குறைக்கிற கணக்கு வாத்தியாரை நாம் அறிவோம். விடையையே மாற்றி எழுதி, மாற்றிய விடை தப்பு என்று குறைக்கிற வாத்தியாரை அடியேன் இப்போதுதான் தரிசித்தேன். ஏற்றிய அளவைத் தீர்மானிக்கக் கணினி உருவகம் ஒன்றையும் ஓட்டினீர்கள். முழு ஆயுதத் திட்டங்களின் மட்டத்தில் செலவு எவ்வளவு வீங்கும் என்ற விழுக்காட்டை அதற்குத் தீனியாகப் போட்டீர்கள். இந்தச் சிறு செலவினத்துக்கு அது பொருந்துமா என்பதற்கு ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. கணினி கேட்கவில்லை, தாங்களும் சொல்லவில்லை.

விமானங்களுக்கு ஓடுதளமும் கொட்டகையும் கட்டும் செலவு இன்னொரு சுவை. ஏ330இன் இறக்கை வீச்சு 60 மீட்டரைத் தாண்டும். 767இனுடையது 48 மீட்டருக்குள் அடங்கும். இடம் அதிகம் பிடிக்கிற விமானத்துக்குக் கட்டுமானம் எவ்வளவு கூடும் என்று கணக்கிடுவதில் தாங்கள் காட்டிய பெருந்தன்மையையும் நியாயமற்றது என்று ஜி.ஏ.ஓ. தள்ளியது. விசாரணை நடக்கும்போதே, கணக்கில் பல பிழைகள் உண்டு என்று தாங்களே ஒப்புக்கொண்டீர்கள். அவற்றைத் திருத்திப் பார்த்தபோது குறைந்த வாழ்நாள் செலவு போயிங்கினுடையதாகிவிட்டது. அதாவது பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட கணக்கில், வென்றவரைத் தோற்றவராக்கும் அந்த ஓர் இழையின் மேல் மட்டும் பிழை போய் உட்கார்ந்திருந்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள் சிறியோர். இத்தனை குறி தவறாத பிழையைக் குருடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பிழைகள் இல்லாதிருந்தால் போயிங்குக்கு வெல்லும் வாய்ப்புக் கணிசமாக இருந்திருக்கும் என்று ஜி.ஏ.ஓ. முடித்தது. பேச்சுவார்த்தையை மறுபடி தொடங்கி, திருத்திய ஒப்பந்தப்புள்ளிகளைப் பெற்று, புதிதாக முடிவெடுங்கள் என்றது. போயிங்கின் வழக்குச் செலவை, வக்கீல் கட்டணம் உட்பட, அரசே திருப்பிக் கொடுக்கட்டும் என்றும் பரிந்துரைத்தது. இதில்தான் அமெரிக்கக் குடிமகனின் பெருந்தன்மை வெளிப்படுகிறது. தவறாக மதிப்பிட்டவர்களின் சம்பளம் அவன் வரியில். அது தவறு என்று கண்டுபிடித்தவர்களின் சம்பளமும் அவன் வரியில். தவறு என்று வாதாடிய வக்கீலின் கட்டணமும் அவன் வரியில். ஒரே நாடகத்தில் எல்லா வேடங்களுக்கும் தனியாளாகக் கூலி கொடுத்துவிட்டு, நாடகத்தை மட்டும் கொட்டகைக்கு வெளியே நின்று பார்க்கிறவன் அவன். வெளியிடப்பட்ட தீர்ப்பில் பல இடங்களில் எண்களும் விவரங்களும் நீக்கப்பட்டிருந்தன, வணிக ரகசியமாம்.

பாதுகாப்புத் துறைச் செயலாளர் ராபர்ட் கேட்ஸ் அந்த ஜூலையில், முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தங்களிடமிருந்து தம் அலுவலகத்துக்கு மாற்றினார். பாரம் சுமந்து களைத்தவர்களின் தோளிலிருந்து மூட்டையை இறக்கிய செயல் என்றே வரலாறு அதை எழுத வேண்டும். செப்டம்பரில் போட்டியே ரத்தானது. கே.சி.-135 விமானங்களுக்கு மேலும் சில பிறந்தநாள் கொண்டாடக் கிடைத்தது.

மூன்றாம் முயற்சியாக மீண்டும் டெண்டர் விட்டபோது தாங்கள் கற்ற பாடம் மலைக்க வைத்தது. முன்பு எடை போடுவதில் குற்றம் கண்டார்களல்லவா, இனி எடையே போடுவதில்லை என்று விரதம் பூண்டீர்கள். 372 கட்டாயத் தேவைகள். ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை. அதற்குப் பிறகு எல்லாம் விலை. இரு விலைகளும் ஒரு விழுக்காட்டுக்குள் நெருங்கி வந்தால்தான் மற்ற 93 அம்சங்களின் பக்கம் திரும்பிப் பார்ப்பது. பெரிய விமானத்துக்கு இனி இடமில்லை என்று நார்த்ராப் 2010 மார்ச்சில் விலகிக்கொண்டது. இ.ஏ.டி.எஸ். தனியாக நின்றது. யார் எவ்வளவு தருவார்கள் என்பதில் ஒளிவு இருக்கலாகாது என்ற வெளிப்படைத்தன்மையின் வேகத்தில், அந்த நவம்பரில் போயிங்கின் மதிப்பீட்டுத் தகவல் அடங்கிய குறுந்தகட்டை இ.ஏ.டி.எஸ்.ஸுக்கும், இ.ஏ.டி.எஸ்.ஸுடையதைப் போயிங்குக்கும் அனுப்பி வைத்தீர்கள். இ.ஏ.டி.எஸ். பக்கம் ஒருவர் தகட்டிலிருந்த ஒரு திரையைச் சில நொடி பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும், சமநீதி காக்க அத்தகைய தகவலை இரு தரப்புக்கும் முறைப்படி கொடுத்தீர்கள். தவறு ஒன்று நேர்ந்தால் அதை இரண்டாக்கி இருவருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதைப் பங்காளிச் சண்டையில் பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள் பாடமாகப் படிக்க வேண்டும்.

2011 பிப்ரவரி 24ஆம் தேதி போயிங் வென்றது. விலை வேறுபாடு பெரிதாக இருந்ததால் அந்த 93 அம்சங்களையும் யாரும் புரட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. குறைந்த விலை கேட்டவரிடம் குறையில்லாத பொருளும் கிடைக்கும் என்ற தங்கள் நம்பிக்கை வீண்போகவில்லை. 2017க்குள் 18 விமானங்கள் என்று சொன்ன போயிங், கே.சி.-46 என்ற தன் புதிய டேங்கரின் முதல் விமானத்தை 2019 ஜனவரியில் கண்ணில் காட்டியது. வந்த விமானங்களுக்குள் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற கருவிகளும் உதிரித் துண்டுகளும் இலவச இணைப்பாகக் கிடைத்தன. அந்தச் செல்வத்தைப் பாதுகாப்பாக இறக்கிவைக்கும்வரை சில வாரம் விமானங்களைப் பெற்றுக்கொள்வதையே நிறுத்தி வைத்தீர்கள். பின்னால் வரும் விமானத்துக்கு எரிபொருள் குழாயைச் செலுத்துகிறவர், பழைய டேங்கரில் வாலடியில் படுத்துக்கொண்டு கண்ணால் பார்த்தார். புதியதில் முன்னால் உட்கார்ந்து கேமராவின் திரையில் பார்க்கிறார். வெயில் குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் திரையில் கூசலும் நிழலும் படர்ந்து தூரம் குழம்புகிறது. சூரியனோடு ஒப்பந்தம் போடாதது தங்கள் குற்றமா? அந்தத் திரையை மாற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. விலையை நிலையாகக் கட்டிப்போட்டிருந்ததால் கூடுதல் செலவைப் போயிங்கே சுமந்தது. அதன் நட்டம் 700 கோடி டாலரைத் தாண்டியது. நீதி கேட்டு ஓடியவருக்கு நீதி கிடைத்தே தீரும்.

இத்தனை சிகரம் ஏறியும் தங்கள் ஞானத்தில் ஒரே ஒரு குறை இருந்தது. ஒப்பந்தப்புள்ளி என்று ஒன்றைக் கேட்டால், அதை மதிப்பிட வேண்டியிருக்கிறது. மதிப்பிட்டால், தோற்றவர் ஒருவர் இருந்தே தீருகிறார். தோற்றவர் இருந்தால் மனு வருகிறது. மனு வந்தால் ஏட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். அடுத்த தொகுதி டேங்கருக்குப் போட்டி நடக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது லாக்ஹீட் மார்ட்டின், ஏ330ஐ ஒட்டிய ஒரு விமானத்தோடு வரிசையில் வந்து நின்றது. போட்டிக்கான அறிகுறி மங்கிக்கொண்டே போனதால் 2023 அக்டோபரில் அது தானாகவே நடையைக் கட்டியது. 2025 ஜூலையில் தாங்கள் முடிவை அறிவித்தீர்கள்: மேலும் 75 வரையிலான கே.சி.-46 விமானங்களை, போட்டி எதுவும் வைக்காமல், போயிங்கிடமே வாங்குவது. ஒப்பந்தப்புள்ளி இல்லை, ஆகவே அளவுகோல் இல்லை, ஆகவே அளவுகோலை மீறியதாக எவரும் சொல்வதற்கில்லை. அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ட்ரூயன் அம்மையார் காலத்தில் 100 போயிங் 767களைப் போட்டியின்றி எடுத்துக்கொள்வதென்று எந்த மேசையிலிருந்து புறப்பட்டீர்களோ, அந்த மேசைக்கே, இம்முறை ஒருவரும் சிறைக்குப் போகாமல், சட்டப்படி வந்து சேர்ந்திருக்கிறீர்கள். பரிவட்டம் தயாராக இருக்கிறது. தலையைச் சற்றுக் குனிந்தால் அடியேனே கட்டிவிடுகிறேன்.